மேட்டுப் பாத்தியின் கதை

நம் வீட்டுப் பின்புறத்தில் உள்ள கீரைப் பாத்திக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று அதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

நம் முன்னோர் விட்டு வந்த தமிழகச் சிற்றூர்களில் பாத்தி என்றால் தாழ்வான இடம். சுற்றிலும் வரப்பு உயர்ந்திருக்கும். ஏற்றத்தாலும் கவலையாலும் இறைத்த கிணற்று நீர் வாய்க்கால் வழியே வந்து உள்ளே தேங்கும். அங்கே ஆண்டு மழை சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே, நீரைப் பிடித்து வைப்பதே பாத்தியின் வேலை.

மலாயாவிலோ ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். லயத்தின் பின்னால் ஊர் வழக்கப்படி பாத்தி கட்டினால் என்ன ஆகும்? ஒரு மாலை மழையிலேயே நீர் நின்றுவிடும். வேருக்குக் காற்று கிடைக்காது. மிளகாயும் கத்தரியும் அழுகிப்போகும். ஆகவே இங்கே பாத்தியைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது: செடி மேட்டில், நீர் பள்ளத்தில். சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் அப்படித்தான் பயிரிட்டார்கள். இரு பக்கமும் கால்வாய் வெட்டி, அந்த மண்ணையே நடுவில் போட்டு மேடாக்கினார்கள்.

இந்த மேட்டின் அருமை ஜப்பானியர் காலத்தில் தெரிந்தது. 1941 டிசம்பரில் போர் வந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வாங்கி வந்தது. அந்த வரத்து குறைந்தது. ஆண்கள் பலர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; பல்லாயிரவர் திரும்பவில்லை. லயங்களில் எஞ்சிய தாய்மாரும் பிள்ளைகளும் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் நம்பி வாழ்ந்தார்கள். நீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். அன்று அழுகிய கிழங்கு என்றால் அடுப்பு எரியாத வீடு என்று பொருள்.

சரி, பாத்தியை எப்படி அமைப்பது? அகலம் நான்கு அடி போதும். இருபுறமும் நின்று கை எட்ட வேண்டும். உயரம் ஓர் அடி. மேற்பரப்பு சமமாகவும், பக்கங்கள் சற்றுச் சாய்ந்தும் இருக்கட்டும். சமநிலத்தில் நீளவாக்கு வடக்குத் தெற்காக அமையட்டும். காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் விழும்; பந்தலில் ஏறும் பயற்றங்கொடி கீரையை நாள் முழுவதும் மறைக்காது.

சரிவான நிலத்தில் மட்டும் திசையைப் பார்க்க வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். இதற்கும் வரலாறு சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்ச் சரிவுகளில் புல்லே இல்லாமல் களையெடுத்தார்கள். மேல்மண் மழையோடு ஓடியது. பிறகே குறுக்குப் படிகளும் மூடுபயிரும் வந்தன. அந்தப் படிகளை வெட்டியவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு.

அடுத்த மழைக்கு முன் நம் பாத்தியை ஒருமுறை பார்த்துவிடுவோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அந்தக் கிழங்குக் காலத்தைப் பற்றியும் கேட்டு வைப்போம்.