தபால்காரர் வராத மாதம்

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14-ல். மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகையைத் தமிழ்நாடு தொடங்கியதும் அதே 1974-ல்தான். முதியோருக்கு 1962-லேயே 20 ரூபாய் வந்துவிட்டது. ஊர்வாயில் எல்லாமே 'ஓஏபி பணம்'.

இரண்டுக்கும் அப்போது பொதுவான நிபந்தனை ஒன்று இருந்தது: ஆதரவற்றவராக இருக்கணும். உடம்பின் குறை மட்டும் போதவில்லை. அதனால், தபால்காரர் மணியார்டர் கொண்டுவராத மாதம் தாசில்தார் ஆபீஸில் நடந்த வாக்குவாதம் பெரும்பாலும் காலைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ அல்ல, மகனைப் பற்றியது. "மகன் இருக்கான் சார், சோறு போடல" என்பதற்கு யார் சான்றிதழ் தருவார்? (காலுக்கு டாக்டர் தருவார்.)

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மேலே மனு கொடுக்கலாம். ரசீது கிடைக்கும். அந்த மனு விசாரணைக்கு என்று திரும்பி வருவது அதே தாசில்தார் மேஜைக்கு.