வில்லியம் பாரரும் சமஷ்டிக் கோதுமையும்

கோதுமை மேற்காசியாவின் குளிர்கால மழையை நம்பி முளைத்து, கோடை முற்றுமுன் விதை முதிரும் புல்லினங்களினின்றும் தோன்றிய பயிராகும். ஐரோப்பாவின் வடபகுதிக்குச் சென்றபோது அது தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. ஈரமும் தண்மையும் பொருந்திய ஆங்கிலக் கோடையிலே ஆறுதலாக முதிர்ந்து, ஆவணி மாதத்து அறுவடைக்குப் பழகிற்று. 1788ஆம் ஆண்டு தொடக்கம் அவுஸ்திரேலியாவிற் குடியேறிய ஆங்கிலேயர் கையோடு கொண்டு சென்றவை இத்தகைய நீண்டகாலக் கோதுமைகளே. தென்கிழக்கு அவுஸ்திரேலியாவிலோ சித்திரை, வைகாசியில் விதைத்த பயிர் ஐப்பசி, கார்த்திகையில் மணி கட்டும்போது உள்நாட்டுப் பாலையிலிருந்து அனற்காற்று வீசத் தொடங்கிவிடும். பூக்குங் காலத்தில் நீர் குறைந்தால் மணிகளின் தொகை குறையும். பூத்தபின் வெப்பம் மிகுந்தால் மணி நிரம்புங் காலம் சுருங்கி, தானியம் பதராகும். தாய்நாட்டு விதையை நம்பிய குடியேறிகள் நூறாண்டு காலம் இந்த இழப்பைச் சுமந்தனர்.

இந்நிலையை மாற்றியவர் வில்லியம் பாரர். 1845இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லண்டிற் பிறந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1868இற் பட்டம் பெற்றார். கயரோகம் காரணமாக 1870இல் அவுஸ்திரேலியா சேர்ந்தார். சிலகாலம் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தார். பின்னர் 1875 முதல் 1886 வரை நில அளவையாளராக நியூ சவுத் வேல்சின் உட்பகுதிகளிலே திரிந்தார். விவசாயத்தில் அவர் பெற்ற உண்மையான கல்வி இதுவேயெனலாம். வேலையை விட்டபின், மரம்பிட்ஜி நதிக்கரையில் லாம்பிரிக் என்ற தம் நிலத்திலே கோதுமைகளை வளர்த்து ஆராயலானார்.

அவர் முதலிற் பகையாகக் கருதியது வறட்சியை அன்று, துருநோயையே. 1889இல் அந்நோய் பெருஞ்சேதம் விளைவித்தமையால் மறுவருடம் முதல் குடியேற்ற நாடுகள் துருநோய் மாநாடுகளைக் கூட்டின. எந்தக் கோதுமை துருவுக்குத் தப்புகின்றது என்று நோக்கிய பாரர், நோய் பரவுமுன் முதிர்ந்துவிடும் இனங்களே பெரும்பாலும் தப்புகின்றன என்பதைக் கண்டார். முந்தி முதிரும் பயிர் அனற்காற்றுக்கும் முந்திவிடும். ஒரு பகையைத் தேடிச் சென்றவர் மற்றொரு பகைக்கு மருந்து கண்ட வரலாறு இதுவாகும்.

கலப்பு முறை பொறுமையைச் சோதிப்பது. கோதுமைப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆகையால் பூ விரியுமுன் அதன் கேசரங்களை நுண்ணிய இடுக்கியால் அகற்றி, வேறோர் இனத்தின் மகரந்தத்தை இட்டு, அவ்விதைகளின் சந்ததியைப் பல வருடங்கள் தெரிந்தெடுத்து வரவேண்டும். மெண்டலின் விதிகள் 1900இலேதான் உலகறிய வந்தன. அவற்றின் துணையின்றியே பாரர் இரண்டாந் தலைமுறையில் வேறுபாடு மலிவதைக் கண்டு, அங்கேயே தெரிவு செய்தார். ஒரு பிடி தானியத்தையும் அரைத்து மாவின் தரத்தைச் சோதிக்கும் சிறு ஆலையை இரசாயன அறிஞர் கத்திரி அமைத்து உதவினார். 1898இல் விவசாயத் திணைக்களம் பாரரை உத்தியோகத்தில் அமர்த்தியது.

அவருடைய கலப்புகளுள் ஒன்றே பெரும் புகழ் பெற்றது. மாவுத் தரம் மிக்கதும் பிந்தி முதிர்வதுமான கனடாவின் பைப் வகையை, எட்டாவா என்னும் இந்தியக் கோதுமையோடு கலந்தார். யமுனைக் கரையிலுள்ள எட்டாவா நகரின் பெயரைத் தாங்கிய அக்கோதுமை, வெயில் ஏறுமுன் விளைந்து முடியும் வட இந்தியப் பயிர். இக்கலப்பிற் பிறந்த யண்டில்லாவை மீண்டும் பேர்ப்பிள் ஸ்திரோ என்ற உள்ளூர் வகையோடு சேர்த்தார். 1901இல் அவுஸ்திரேலியக் குடியேற்ற நாடுகள் சமஷ்டியாக இணைந்ததை நினைந்து, புதிய இனத்துக்குப் ‘பெடறேசன்’ என்று பெயரிட்டார். மங்கிய பழுப்புக் கதிர் கண்ணைக் கவர்வதன்று. ஆயினும் குட்டையான, நிமிர்ந்த தாள் அறுவடை இயந்திரத்துக்கு வாய்ப்பாயிருந்தது. பாரரின் வரலாற்றைக் கூறுவோர் எட்டாவாவை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். வட இந்திய உழவர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து பேணிய விதை இதில் இல்லாதிருப்பின் கதை வேறாயிருக்கும்.

அவ்வினம் வெளிப்பட்ட காலமும் கொடியது. 1895 முதல் 1903 வரை நீடித்த வறட்சியால் ஒன்பது கோடிக்கு மேற்பட்டிருந்த ஆடுகள் ஐந்தரைக் கோடிக்கும் குறைந்தன. 1902இல் கோதுமை அறுவடை அநேகமாக அழிந்தே போயிற்று. சமஷ்டிக் கோதுமையோ 1910 முதல் 1925 வரை அந்நாட்டில் மிகுதியாகப் பயிரிடப்பட்ட இனமாயிற்று. முன்னர் துணியாத வறண்ட உட்பகுதிகளிலும் உழவர் விதைக்கத் துணிந்தனர். இப்பெருக்கத்தைப் பாரர் காணவில்லை. 1906 ஏப்பிரிலில் இறந்தார்.

அவரைத் துருவை வென்றவராகப் போற்றுதல் பொதுவழக்கு. சமஷ்டிக் கோதுமை துருவுக்கு எளிதில் ஆளாகும் இனம் என்பதே உண்மை. அது வறட்சியைத் தாங்கியது என்பதும் அளவோடு கூறவேண்டியதே. தாங்குதல் வேறு, தப்புதல் வேறு. முந்தி முதிரும் பயிர் வறட்சியைச் சந்திக்காமலே விலகிக்கொள்கின்றது. மழை நீண்ட வருடத்தில் மிஞ்சும் ஈரத்தை அதனாற் பயன்படுத்த முடியாது.

சிறிதளவு நீரைக்கொண்டு கூடிய விளைவு தரும் கோதுமையைத் தெரிந்தெடுக்கும் வழி, லாம்பிரிக்குக்கு அயலிலுள்ள கன்பராவிலேதான் பிற்காலத்திற் புலனாயிற்று. இலைவாய் வழியே காபனீரொட்சைட்டு புகும்போதே நீராவி வெளியேறுகின்றது. நீரைச் சிக்கனமாகச் செலவிடும் பயிரின் இலையில் காபன்-13 என்ற பாரமான சமதானி சற்றுக் கூடுதலாகச் சேரும் என்பதை பார்க்குவாரும் ரிச்சட்சும் 1984இல் கோதுமையிற் காட்டினர். அந்த அளவையைக் கருவியாகக் கொண்டு தெரிந்தெடுத்த டிரைஸ்டேல் என்ற இனம் 2002இல் வெளியாயிற்று. மண்ணில் தேங்கிய ஈரத்தைக் கொண்டே பயிர் பெரும்பாலும் வளரவேண்டிய வறண்ட வயல்களிலேயே அதன் பயன் தெளிவாகத் தெரிகின்றது. மழை தாராளமாகப் பெய்யும் இடத்தில் அந்தச் சிக்கனத்தால் இலாபமில்லை.