விதைத்தது கியூபெக், அறுத்தது டென்வர்

இது புல்தரை ஹாக்கி இல்லை, பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கி. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் ஒரு வழக்கம் உண்டு. புதிய இளம் வீரர்களை அணிகள் வருடாவருடம் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். அப்போதெல்லாம் கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் தேர்வு. அதாவது, தோல்விதான் மூலதனம்!

அந்த மூலதனம் கனடாவின் கியூபெக் நோர்டிக்ஸ் அணியிடம் ஏராளம். 1989-90 சீசனில் 80 ஆட்டங்களில் 12 வெற்றிதான். 1989, 1990, 1991 மூன்று வருடமும் முதல் தேர்வு அவர்களுக்கே. மாட்ஸ் சுண்டின் வந்தார், ஓவன் நோலன் வந்தார். மூன்றாமவர் எரிக் லிண்ட்ரோஸ் மட்டும் "கியூபெக்குக்கு ஆடமாட்டேன்" என்று ஒரு வருடம் பிடிவாதமாக நின்றார்.

1992 ஜூனில் அவரை விற்றார்கள். பிலடெல்பியா, நியூயார்க் ரேஞ்சர்ஸ் இரண்டுமே "எங்களுக்குத்தான்" என்று சண்டை போட, மத்தியஸ்தர் பிலடெல்பியாவுக்குத் தீர்ப்பு சொன்னார். பதிலுக்குக் கிடைத்தது பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உட்படப் பல வீரர்கள், முதல் சுற்றுத் தேர்வுகள், ஒன்றரைக் கோடி டாலர். 1987-ல் 15-வது தேர்வாக எடுத்த ஜோ சாகிக் ஏற்கெனவே அணியில் இருந்தார். 1991-92-ல் 52 ஆக இருந்த புள்ளிகள் அடுத்த சீசனில் 104. சரியாக இரட்டிப்பு!

காமர்ஸ் மாணவன் என்பதால் பேரேட்டின் மறுபக்கத்தையும் பார்க்கிறேன். வீரர்களின் சம்பளம் அமெரிக்க டாலரில், டிக்கெட் வருமானம் கனடா டாலரில். சின்ன நகரம், பழைய அரங்கம். 1995-ல் அணியை விற்றுவிட்டார்கள். அது டென்வருக்குப் போய் 'கொலராடோ அவலாஞ்ச்' ஆனது.

பிலடெல்பியா கொடுத்த தேர்வை வைத்து 1993-ல் எடுத்த கோல்கீப்பர் ஜோஸ்லின் டிபோ. 1995 டிசம்பரில் அவரையும் வேறு இருவரையும் மாண்ட்ரியலுக்குக் கொடுத்துத்தான் பாட்ரிக் ருவாவைக் கொண்டுவந்தார்கள். 1996 ஜூனில், புது ஊரின் முதல் சீசனிலேயே, ஸ்டான்லி கோப்பை கையில். தலைவர் சாகிக்.

கவனித்தீர்களா? மூன்று முதல் தேர்வுகளில் ஒருவர்கூட அந்த அணியில் இல்லை. சுண்டினையும் நோலனையும் அதற்குள் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். நட்சத்திரத்தை எடுப்பது பாதி வேலைதான். அதை எதற்கு மாற்றுகிறோம் என்பது மீதி.

ஆனால் அந்த 12 வெற்றி வருடத்திலும் டிக்கெட் வாங்கிய கியூபெக் ரசிகனுக்கு என்ன கிடைத்தது? முதலீடு அவனுடையது, டிவிடெண்ட் வேறு ஊருக்கு. 2015-ல் அங்கே 18,000 பேருக்கு மேல் அமரும் புது அரங்கமும் திறந்தார்கள். அரங்கம் வந்தது, அணி திரும்பவில்லை.