கற்பிட்டிக் கோட்டையும் கணினியின் பின்வாசலும்

புத்தளம் களப்புக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் நிலத்தில், களப்பின் நுழைவாயிலைக் கண்காணிப்பதற்கு வாய்ப்பான இடம் பார்த்து, 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டை, முருகைக் கல்லும் சுண்ணக்கல்லும் கொண்டு சுமார் நான்கு மீற்றர் உயரத்துக்கு எழுப்பிய மதில்களோடு இன்றும் நிற்கிறது. அதன் ஒரே வாயிலின் முன்னே நின்று நிதானமாகப் பார்ப்பவர், வளைவின் மேலே முக்கோண முகப்பும் அதன்மேல் மணிமாடமும் அமைந்திருக்கக் கண்டு, இது படைவீரர் புகும் வாசலோ, தேவாலயத்தின் முகப்போ என்று சற்றே மயங்குவார். தேவாலயம் கட்டப்போவதாகச் சொல்லியே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனிடம் ஒல்லாந்தர் அனுமதி பெற்றனர் என்றும், அந்தச் சொல்லுக்குப் பொருந்தவே வாயிலுக்கு ஆலய வடிவம் தந்தனர் என்றும் ஓர் ஐதிகம் வழங்கி வருகிறது.

ஐதிகத்தை ஐதிகமாகவே வைத்துக்கொண்டாலும், அதைச் சூழ்ந்த சரித்திரம் ஐயத்துக்கு இடமற்றது. போர்த்துக்கேயரைத் துரத்துவதற்காக 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தவன் அந்த மன்னனே. 1656இல் கொழும்பு விழுந்தபோது அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டவர்கள் அந்த நண்பர்களே. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றளவும் சொல்லும் பழமொழி இந்த விபரீதத்தைக் குறித்ததுதான். கற்பிட்டியில் படை அமர்ந்த பிறகு, இந்தியாவோடு கண்டி நடத்திய வாணிபத்தின் ஒரு வழி, கோட்டையிலிருந்தோரின் பார்வைக்குள் அடங்கிப் போயிற்று. கோட்டைக்குள்ளிருந்து கடற்கரைக்குச் செல்லும் சுரங்க வழிகளும் இருந்தன. அவை பின்னாளில் அடைக்கப்பட்டுவிட்டன. மதிலை ஊரார் எல்லோரும் பார்த்தார்கள். நிலத்தடி வழியை எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

நம் இலக்கிய மரபில் உதயண மன்னனின் கதையும், கற்பிட்டி வாயிலைப் போலவே, வேடத்தால் ஏமாற்றிய கதைதான். யானைகளின்பால் அவனுக்கிருந்த தணியாத காதலை அறிந்த பகையரசன், வீரர்களை உள்ளே மறைத்த யந்திர யானையொன்றைக் காட்டில் நிறுத்தி, யாழும் கையுமாக அதை வசப்படுத்த வந்தவனைச் சிறைப்பிடித்தான். கிரேக்கர் திராய் நகரின் வாசலில் நிறுத்திய மரக்குதிரையைக் காட்டிலும் இது நமக்கு அதிகம் கற்பிக்கிறது. ஏனெனில் இங்கே பகைவன் ஆராய்ந்தது மதிலின் பலவீனத்தையன்று, மனிதனின் ஆசையை.

அந்த உபாயம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினிக்குள் பிரவேசித்தது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கூடிய ஹேக்கர் மாநாட்டில், வின்டோஸ் 95, 98 கணினிகளைத் தொலைவிலிருந்து ஆட்டிவைக்கவல்ல ‘பேக் ஓரிஃபிஸ்’ என்னும் மென்பொருள் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஒருவர் எழுதிய ‘நெட்பஸ்’ஸும் பரவியது. அது அனுப்பப்பட்ட வேடங்களுள் ஒன்று, வளையிலிருந்து தலைநீட்டும் பிராணியைச் சுத்தியலால் அடிக்கும் சிறு விளையாட்டு. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்து விளையாடும் அந்த நேரத்திலேயே, கண்ணுக்குப் புலப்படாத இன்னொரு நிரல் கணினியின் பின்வாசலாகக் குடியேறி, தன் எஜமானின் கட்டளையை எதிர்நோக்கிக் காத்திருக்கும். கட்டளை வந்ததும் கோப்புகளைத் திறக்கும், விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளைக் களவாடும், வேண்டாதவற்றைக் கொண்டுவந்து வைக்கும். 1999இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துச் சட்ட அறிஞர் ஒருவரின் கணினியில் இவ்வாறே சட்டவிரோதப் படங்கள் வைக்கப்பட்டன. வேலையையும் நற்பெயரையும் இழந்த அவர், நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டது 2004இல்தான். இந்த அநியாயத்தை நினைக்கும்போது மனம் பதறுகிறது.

இலங்கையில் 2006இல் கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் ‘சேர்ட்’ நிறுவனம் தோன்றியது. 2007இல் கணினிக் குற்றங்கள் பற்றிய 24ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. ஆயினும், மத்திய கிழக்கில் உழைக்கும் மகனின் முகத்தைத் திரையில் காண்பதற்கென்றே கணினி வாங்கிய புத்தளத்துக் கரையோர வீடுகளுக்குச் சட்டத்தைவிட முன்னதாக வந்து சேர்ந்தவை, விலை குறைந்த போலி இறுவட்டுகளும் கைமாறித் திரிந்த பென் டிரைவ்களுமே. பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ளதைத் தானே இயக்க முற்படும் வழக்கம் வின்டோஸுக்கு இருந்தமையால், 2008 நவம்பரில் கிளம்பிய ‘கொன்ஃபிக்கர்’ போன்ற தீநிரல்கள் அவ்வழியாகவும் உலகெங்கும் பரவின. 2011இல்தான் மைக்ரோசொஃப்ட் பழைய கணினிகளிலும் அவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்தியது.

அதற்கு முன்பே, 2004இல், வின்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத்தொகுப்பு, வெளியிலிருந்து அழையாது வருவோரைத் தடுக்கும் தீச்சுவரை இயல்பாகவே இயங்கச் செய்திருந்தது. அது பெரும் உபகாரந்தான். ஆனால் பகைவர் தந்திரத்தை மாற்றிக்கொண்டனர். வெளியிலிருந்து கதவைத் தட்டுவதற்குப் பதிலாக, உள்ளே குடியேறிய நிரலே வெளியிலுள்ள எஜமானை அழைக்கும்படி செய்தார்கள். கோட்டையிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் சுரங்கத்தை முன்வாசற் காவலன் எவ்வாறு அறிவான்?

ஆகையால், நம்மவர் ‘வைரஸ் காட்’ என்று சொல்லும் காவல் நிரலை வாங்கிப் போட்டதோடு கடமை தீர்ந்ததென்று இருப்பது போதாது. இலவசமாகக் கிடைக்கும் விலையுயர்ந்த மென்பொருளும், அதனை நிறுவுவதற்காகக் காவல் நிரலைச் சற்று நிறுத்திவைக்கும்படி கேட்கும் அறிவுறுத்தலும், யந்திர யானையின் காலடிச் சுவடுகளென்றே நான் கருதுகிறேன். அன்றாட வேலைக்கு முழு அதிகாரமற்ற பயனர் கணக்கைப் பயன்படுத்துவதும், தயாரித்தவரிடமிருந்து வரும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்பதும், கணினியிலிருந்து கழற்றி வைக்கக்கூடிய வட்டில் ஒரு பிரதி காப்பதும் எந்த வீட்டுக்கும் இயலாதவையல்ல. பின்வாசல் திறந்துவிட்டதென்று தெரிந்தால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய கடவுச்சொற்களை அதே கணினியில் மாற்றாமல், மாசற்ற வேறொன்றிலிருந்து மாற்ற வேண்டும். அகப்பட்ட ஒரு நிரலை நீக்கிவிட்டோமென்று திருப்தியடையாமல், வன்தட்டை முற்றாக அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும். ஒரு முறை உள்ளே புகுந்தவன் இன்னும் எத்தனை வழிகளைத் தோண்டி வைத்திருக்கிறான் என்பதை, அவன் ஆண்ட கணினியையே கேட்டு அறிய இயலாது.