பௌபஜார் தெரு 210: ஒளியியலுக்கு ஒரு சங்கம் என்ன செய்தது?

ராமன் விளைவைப் பற்றித் தமிழில் வந்ததையெல்லாம் அடுக்கினால் ஒரு அலமாரியே நிறையும். கப்பல் பயணம், கடலின் நீலம், பிப்ரவரி 28, நோபல் பரிசு என்று கதை நமக்கு மனப்பாடம். ஒரு கேள்வியை மட்டும் யாரும் அதிகமாகத் தொடுவதில்லை. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இரண்டு பேர் 1928 பிப்ரவரி 21 அன்றே குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைப் பார்த்துவிட்டார்கள். நல்ல ஆய்வாளர்கள், நல்ல கருவிகள். அப்படியிருக்க, உலகம் முழுக்க அதற்கு ஏன் ராமன் பெயர்?

"ராமன் மேதை" என்பது ஒரு பதில். உண்மைதான், ஆனால் மாண்டெல்ஷ்டாமும் மேதைதானே. இந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருந்ததில் எனக்குக் கிடைத்த பதில் வேறு: கல்கத்தாவில் ராமன் கையில் ஒரு சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்துக்கு ஒரு கதவு, ஒரு பட்டறை, ஒரு இதழ், ஒரு அஞ்சல் பட்டியல் இருந்தன. ஒளியியல் வளர்ந்ததில் விஞ்ஞானச் சங்கங்களின் பங்கு என்ன என்று கேட்டால், இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கதவு

இந்தியன் அசோசியேஷன் ஃபார் தி கல்டிவேஷன் ஆஃப் சயின்ஸ். 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தாவில் தொடங்கியது. அவர் ஒரு மருத்துவர். லண்டனின் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மாதிரி, இந்தியர்கள் பணத்தில் இந்தியர்கள் நடத்துகிற ஒரு விஞ்ஞான நிலையம் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஊரெல்லாம் நன்கொடை திரட்டிக் கட்டினார். செயிண்ட் சேவியர் கல்லூரியின் ஃபாதர் லாஃபோன் போன்றவர்கள் அங்கே பொது விரிவுரைகள் நடத்தினார்கள். கூட்டம் வந்தது, ஆராய்ச்சி மட்டும் வரவில்லை. சர்க்கார் 1904-ல் அந்த மனக்குறையோடுதான் கண்ணை மூடினார்.

மூன்று வருடம் கழித்து, 1907-ல், திருச்சிப் பக்கத்துப் பையன் ஒருவர் நிதித்துறையில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். வயது 18. டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் சங்கத்தின் பலகையைப் பார்த்து இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார் என்பது பிரபலமான கதை. சர்க்காரின் மகன் அம்ரிதலால் அப்போது செயலாளர். ஆய்வு செய்யலாமா என்று கேட்ட பையனிடம் சரி என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு! ஆபீசுக்கு முன்னால் காலையில் சில மணி நேரம், ஆபீஸ் முடிந்து இரவு வரை. உதவிக்கு அஷுதோஷ் தே என்கிற அஷு பாபு. அடுத்த பத்து வருடத்தில் பெரும்பகுதி இப்படியே ஓடியது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராமன் அப்போது பேராசிரியர் இல்லை, முனைவர் பட்டம் இல்லை, முழுநேர அரசு அதிகாரி. எந்தப் பல்கலைக்கழக ஆய்வகமும் அவருக்குச் சாவி கொடுத்திருக்காது. ஒரு சங்கம் கொடுத்தது. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆன பிறகும் அவருடைய ஆய்வு பெரும்பாலும் பௌபஜாரில்தான் நடந்தது. 1919-ல் அம்ரிதலால் இறந்ததும் சங்கத்தின் கௌரவச் செயலாளரும் அவரே ஆனார்.

ராச்செஸ்டரில் நடந்தது வேறு

இதே காலத்தில் அமெரிக்காவில் 1916-ல் ஆப்டிகல் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா தொடங்குகிறது. இன்று அதன் பெயர் ஆப்டிகா. தொடங்கிய இடம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர். கோடக், பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனிகளின் ஊர். முதல் தலைவர் பெர்லி நட்டிங், கோடக் ஆய்வுக்கூடத்துக்காரர். முதல் உலகப்போரால் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒளியியல் கண்ணாடி நின்றுபோயிருந்தது. தொலைநோக்கி, பெரிஸ்கோப், கேமரா எல்லாவற்றுக்கும் கண்ணாடி வேண்டும். லென்ஸ் கணக்குப் போடுகிறவர், கண்ணாடி உருக்குகிறவர், அளவீட்டுத் தரம் பார்க்கிறவர் எல்லோரும் ஒரே மேஜைக்கு வரவேண்டிய கட்டாயம். சங்கம் பிறந்தது, 1917-லேயே அதற்கு ஒரு இதழும் வந்தது.

வித்தியாசம் புரிகிறதா? அங்கே தொழில் முதலில், சங்கம் பிறகு. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். கல்கத்தாவில் சங்கம் முதலில். ஒளியியல் என்று ஒரு தொழிலே இல்லாத ஊரில் சங்கம் கட்டி, ஆள் வருவதற்கு 30 வருடம் காத்திருந்தார்கள். பலனும் விலையும் இரண்டுமே இந்த வித்தியாசத்தில் இருக்கின்றன. விலைக்குப் பிறகு வருகிறேன்.

பிறகு இதழ்

சங்கம் முதலில் புல்லட்டின் என்று ஒன்றை வெளியிட்டது, பிறகு புரொசீடிங்ஸ். 1926-ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் தொடங்கியது. ஆசிரியர் ராமன்.

இப்போது 1928-ன் காலண்டரைப் பார்ப்போம். வழக்கமான கதையில் பிப்ரவரி 28 மட்டும்தான் இருக்கும்; நமக்கு மற்ற தேதிகளும் முக்கியம்.

பிப்ரவரி முதல் வாரங்களில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் (வத்திராயிருப்புக்காரர்) சூரிய ஒளியை ஒரு பெரிய தொலைநோக்கி லென்ஸால் குவித்து, திரவங்களில் பாய்ச்சி, வடிகட்டிகளின் வழியாகப் பார்க்கிறார்கள். உள்ளே போன நிறம் தவிர வேறு நிறமும் வெளியே வருகிறது. பிப்ரவரி 16 தேதியிட்டு இருவர் பெயரிலும் நேச்சர் இதழுக்குக் கடிதம். 28-ஆம் தேதி, பாதரச விளக்கு வைத்து நிறமாலைமானியில் பார்க்கும்போது புதுக்கோடுகள் தனியாகத் தெரிகின்றன. மறுநாளே பத்திரிகைகளுக்குச் செய்தி. மார்ச் 16 பெங்களூரில் தென்னிந்திய விஞ்ஞான சங்கத்தின் தொடக்கக் கூட்டத்தில் "ஒரு புதிய கதிர்வீச்சு" என்று உரை. மார்ச் 31 அன்று அந்த உரை இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸில் நிறமாலைப் படங்களோடு அச்சாகிவிட்டது. பிரதிகள் பல நாட்டு இயற்பியலாளர்களுக்கு அஞ்சலில் போயின.

பார்த்த நாளிலிருந்து படத்தோடு அச்சாக 32 நாள். கம்ப்யூட்டர் கிடையாது, ஈமெயில் கிடையாது. ஈய எழுத்தைக் கோக்கிற காலம்.

மாஸ்கோவில்? பிப்ரவரி 21-ல் பார்த்தது ஜெர்மன் இதழான நாச்சுர்விஸ்ஸென்ஷாஃப்டனில் ஜூலை மாதம் வந்தது. அவர்கள் மே 6 தேதியிட்ட அந்தக் கட்டுரையிலேயே ராமன்–கிருஷ்ணன் கடிதம் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதாவது, எழுதி முடிக்கிற நேரத்தில் கல்கத்தாவின் அச்சு ஐரோப்பா போய்ச் சேர்ந்துவிட்டது. ரஷ்யர்கள் நிதானமாக, இன்னும் அளந்து, விளக்கம் உறுதியான பிறகு எழுதினார்கள். அவர்கள் குவார்ட்ஸில் செய்த அளவீடு மிகச் சுத்தமானது என்று இன்றும் சொல்கிறார்கள். சோவியத் புத்தகங்களில் இந்த விளைவுக்கு ராமன் பெயரே இல்லாமல் "கூட்டுச் சிதறல்" என்றுதான் எழுதிவந்தார்கள். அந்த வருத்தம் நியாயமானதுதான்.

ஆனால் 1928-லேயே பெர்லினில் பிரிங்ஸ்ஹைம் "ராமன் விளைவு" என்று பெயர் வைத்து எழுதிவிட்டார். அமெரிக்காவில் ஆர்.டபிள்யூ. வுட் தன் ஆய்வகத்தில் செய்து பார்த்து உறுதிப்படுத்திவிட்டார். 1930-ல் நோபல் வந்தது. ஆய்வுக் கருவிகளின் விலை சில நூறு ரூபாய்தான் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சங்கத்தின் அச்சுச் செலவை யாரும் சொல்வதில்லை. என் கணக்கில் அதுதான் அந்த ஆய்வின் மிக முக்கியமான கருவி.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எழுதியவரும் ராமன், இதழாசிரியரும் ராமன், சங்கத்தின் செயலாளரும் ராமன். இன்றைய நடைமுறையில் இதற்கு ஆட்சேபம் வரும். பிப்ரவரி 16 கடிதத்தில் கிருஷ்ணன் பெயர் இருந்தது. மார்ச் 31 கட்டுரை ராமன் பெயரில் மட்டும். வேகத்துக்கும் ஒருவர் கையில் எல்லாம் இருப்பதற்கும் உள்ள தொடர்பு அது. வேகம் நமக்கு நன்மை செய்தது என்பதற்காக அந்தத் தொடர்பை மறக்க வேண்டியதில்லை.

சண்டையும் ஒரு சங்கம் கட்டும்

1933-ல் ராமன் பெங்களூர் போனார். 1934-ல் கல்கத்தா சங்கத்தின் நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போயிற்று. உறுப்பினர் சேர்க்கை, மாகாணப் பெருமை, பழைய மனஸ்தாபங்கள் எல்லாம் கலந்த கசப்பான சண்டை அது. அதே வருடம் ஏப்ரலில் பெங்களூரில் இந்தியன் அகாடமி ஆஃப் சயன்சஸ் பதிவானது, 65 உறுப்பினர்களோடு ஜூலையில் தொடக்க விழா. அலகாபாத்தில் மேகநாத் சாஹாவின் அகாடமி 1930-லேயே இருந்தது. 1935-ல் கல்கத்தாவில் இன்னொன்று. ஐந்து வருடத்தில் மூன்று அகாடமி! நம் ஊரில் ஒரு கோயில் கமிட்டி உடைந்தால் மூன்று கமிட்டி வரும் இல்லையா, அந்த மாதிரி.

ஆனால் ராமன் புது அகாடமியில் முதல் வேலையாக என்ன செய்தார் பாருங்கள். இதழைத் தொடங்கினார். புரொசீடிங்ஸ் முதல் இதழ் 1934 ஜூலையிலேயே வந்துவிட்டது.

அதில் 1935–36-ல் ராமனும் நாகேந்திர நாத்தும் தொடராக எழுதிய கட்டுரைகள் ஒளியியலின் அடித்தளக் கற்களில் ஒன்று. திரவத்தில் அல்ட்ராசவுண்ட் அனுப்பினால் அது ஒளிக்குக் கிரேட்டிங் போல வேலை செய்கிறது என்று 1932-ல் டிபையும் சியர்ஸும் அமெரிக்காவிலும், லூக்காவும் பிகாரும் பிரான்சிலும் காட்டியிருந்தார்கள். ஏன் ஒரு கற்றை இத்தனை கற்றைகளாகப் பிரிகிறது, ஏன் அவற்றின் வெளிச்சம் இப்படிக் கூடிக் குறைகிறது என்பதற்குக் கணக்கு கொடுத்தவர்கள் ராமன்–நாத். லேசரை வேகமாக அணைத்து ஏற்றுகிற, திசை திருப்புகிற அகூஸ்டோ-ஆப்டிக் கருவிகளின் பாடப்புத்தகம் எதைத் திறந்தாலும் "ராமன்–நாத்" என்ற சொல் இருக்கும்.

அச்சிட்டால் மட்டும் போதாது

இங்கேயே முடித்திருந்தால் இது வெறும் பெருமைப் பதிவு. இன்னொரு கதையும் அதே புரொசீடிங்ஸில்தான் இருக்கிறது.

1956. எஸ். பஞ்சரத்னம், வயது 22, ராமனின் சகோதரி மகன். முனைவாக்கப்பட்ட ஒளிக்கற்றைகளின் குறுக்கீட்டைப் பற்றி ஒரு கட்டுரை. ஒளியின் முனைவாக்க நிலையை ஒரு கோளத்தின் மேல் புள்ளியாகக் குறித்து, அந்தப் புள்ளியை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்தால், ஒளியின் கட்டம் பழையபடி இருக்காது. சுற்றிய பரப்பைப் பொறுத்து மாறியிருக்கும் என்று காட்டினார். 1984-ல் மைக்கேல் பெர்ரி இங்கிலாந்தில் குவாண்டம் இயற்பியலில் இதன் பொது வடிவத்தைக் கண்டுபிடித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பஞ்சரத்னத்தின் கட்டுரை ஏறக்குறைய 30 வருடம் அலமாரியில் இருந்தது. 1986-ல் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் கரண்ட் சயின்ஸில் எழுதிச் சுட்டிக்காட்டினார்கள். பெர்ரி மறுவருடமே தன் கட்டுரை ஒன்றில் பஞ்சரத்னத்துக்கு உரிய இடத்தைப் பெருந்தன்மையோடு கொடுத்தார். பஞ்சரத்னம் அதைப் பார்க்க இல்லை. 1969-லேயே, 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் இறந்துபோனார்.

1928-ல் பௌபஜாரிலிருந்து போன பிரதிகள் ஐரோப்பாவை எழுப்பின. 1956-ல் பெங்களூரில் அச்சானது எழுப்பவில்லை. இரண்டுமே உள்நாட்டு இதழ்கள்தான். வித்தியாசம் எனக்குத் தெரிந்தவரை இதுதான்: முதல் தடவை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்த, அனுப்பியே தீருவேன் என்கிற ஒருவர் இருந்தார். இரண்டாவது தடவை, ராமன் உலக ஒளியியல் உரையாடலிலிருந்து ஒதுங்கியிருந்த காலம். இதழ் என்பது காகிதம். அதை வாசிக்கும் வட்டம்தான் சங்கம்.

விலை

முன்பு சொன்ன விலைக்கு வருகிறேன். ராச்செஸ்டரில் சங்கத்தின் கூட்டத்தில் கட்டுரை படித்தவரும் லென்ஸ் தயாரித்தவரும் ஒரே ஊர்க்காரர்கள். கல்கத்தாவிலும் பெங்களூரிலும் கட்டுரை எழுதினோம், அந்தக் கட்டுரையைக் கருவியாக்கத் தொழில் பக்கத்தில் இல்லை. மருந்துத் தொழிற்சாலையிலும் தடயவியல் கூடத்திலும் இன்று ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரோடு. ஆப்டிகல் சொசைட்டி ஆஃப் இந்தியா தொடங்கியது 1965-ல், ராச்செஸ்டருக்கு 49 வருடம் கழித்து.

நான் சாஃப்ட்வேர்காரன், என் துறையில் ஓப்பன் சோர்ஸ் என்றால் கோடை வெளியிடுவது மட்டும் இல்லை. ஆவணம் எழுதவேண்டும், கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும், யாருக்குத் தேவையோ அவர் கண்ணில் படவைக்கவேண்டும். இல்லாவிட்டால் அருமையான புராஜெக்ட் யாரும் தொடாமல் கிடக்கும். சங்கங்கள் ஒளியியலுக்குச் செய்ததும் இந்த வேலையைத்தான். பட்டம் இல்லாதவருக்குக் கதவு திறப்பது, சீக்கிரம் அச்சிடுவது, சரியான ஆளுக்கு அனுப்புவது, எதிரெதிர் ஆட்களை ஒரே அறையில் உட்காரவைப்பது.

அகாடமியின் பழைய புரொசீடிங்ஸ் முழுவதும் இன்று இணையத்தில் இலவசம். ராமன்–நாத் தொடரும் இருக்கிறது, பஞ்சரத்னமும் இருக்கிறார். பொறியியல் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 1956 கட்டுரையின் முதல் சில பக்கங்களைக் காட்டுங்கள். ஆங்கிலம் எளிமையானது, கணக்கு கோள வடிவியல்தான். நாற்பதாவது வருடத்தில் யாராவது கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டிய கட்டுரைகள் அந்த அலமாரியில் இன்னும் இருக்கலாம்.