குழந்தை பெறாத பெண்களும் கருப்பை வளையமும்

திருமணத்திற்குப் பின் படிப்பையோ பணியையோ தொடர்வதற்காக முதல் குழந்தையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட எண்ணுகிறீர்களா? "காப்பர்-டி ஒரு குழந்தை பிறந்த பிறகே பொருத்தத்தக்கது, முன்னரே பொருத்தினால் பின்னர் கரு தங்காது" என்று உங்களிடம் எவரேனும் கூறியிருக்கலாம். அக்கருத்து சரியன்று.

பொருத்திக்கொள்ளலாமா?

பொருத்திக்கொள்ளலாம். குழந்தை பெறாத பெண்களுக்கு இம்முறையின் நன்மைகள் அதன் இடர்களைவிடப் பொதுவாக மிகுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவத் தகுதி வரையறைகள் கூறுகின்றன.

அச்சம் எவ்வாறு தோன்றியது?

1970களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட 'டால்கான் ஷீல்டு' என்னும் சாதனத்தின் நூல் பல நுண்ணிழைகளால் ஆனது. அதன் வழியே கிருமிகள் கருப்பைக்குள் ஏறியதால் பலருக்குக் கடுமையான தொற்று ஏற்பட்டது; சிலர் குழந்தைப்பேற்றை இழந்தனர். இன்றைய வளையங்களின் நூல் ஒற்றை இழையாலானது. 2001இல் வெளியான மெக்சிகோ ஆய்வொன்று, முன்பு காப்பர் வளையம் பயன்படுத்தியதற்கும் கருக்குழாய் அடைப்புக்கும் தொடர்பில்லை என்றும், கிளமிடியா என்னும் பால்வினைத் தொற்றுக்கே தொடர்புண்டு என்றும் கண்டறிந்தது. ஆகவே, பொருத்துவதற்கு முன் தொற்று உள்ளதா என அறிவதே முதன்மையானது.

எவை கிடைக்கின்றன?

காப்பர்-டி 380ஏ 10 ஆண்டுகளும், காப்பர் 375 5 ஆண்டுகளும் பலன் தரும். இவை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பொருத்தப்படுகின்றன. பயன்படுத்தும் 100 பேரில் முதலாண்டில் கருவுறுவோர் ஒருவருக்கும் குறைவே.

எதை எதிர்பார்க்கலாம்?

மகப்பேறு காணாத கருப்பைவாய் குறுகலாக இருப்பதால், பொருத்தும்போது வலி சற்றுக் கூடுதலாக இருக்கலாம். வலி நிவாரணம் குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். முதல் சில மாதங்களில் மாதவிடாய்ப் போக்கும் வயிற்றுவலியும் அதிகரிக்கலாம். இரத்தசோகை உள்ளவர்கள் இதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வளையம் தானாக வெளியேறும் வாய்ப்பும் உண்டு. மாதவிடாய்க்குப் பின் நூல் இருக்கிறதா எனத் தொட்டுப் பாருங்கள். பால்வினைத் தொற்றிலிருந்து இது பாதுகாக்காது. அதற்கு ஆணுறை தேவை.

யாருக்கு ஏற்றதன்று?

• கருவுற்றவர்கள்
• காரணம் அறியப்படாத இரத்தப்போக்கு உள்ளவர்கள்
• இடுப்புக்குழித் தொற்று அல்லது பால்வினைத் தொற்று இருப்பவர்கள்
• கருப்பையின் வடிவம் மாறுபட்டவர்கள்
• கருப்பை அல்லது கருப்பைவாய்ப் புற்றுநோய் உள்ளவர்கள்

உடனே மருத்துவரை அணுகவேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், கடும் அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிடாய் தள்ளிப்போதல், நூல் தென்படாமை.

எப்போது அகற்றலாம்?

காலக்கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் விரும்பும்போது பயிற்சி பெற்ற பணியாளரைக் கொண்டு அகற்றிக்கொள்ளலாம். அகற்றியதும் கருவுறும் திறன் விரைவில் திரும்பும். பொருத்துவதும் அகற்றுவதும் உங்கள் முடிவு. முழு விளக்கம் பெற்ற பின்னரே ஒப்புதல் அளியுங்கள்.

எங்கு அணுகலாம்?

திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனை அல்லது உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனை பெறுங்கள். நேரில் செல்லத் தயக்கமிருப்பின், முதலில் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்து உங்கள் ஐயங்களைக் கேட்கலாம்.