நிக்கான் எஃப் பொருத்தி

நிக்கான் எஃப் பொருத்தி என்பது ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கேமராக்களில் (எஸ்எல்ஆர்) வில்லையைக் கேமரா உடலுடன் இணைப்பதற்காக நிக்கான் நிறுவனம் உருவாக்கிய இணைப்பு முறை ஆகும். நிப்பான் கோகாக்கு என்ற பெயரில் இயங்கிய இந்த சப்பானிய நிறுவனம் 1959இல் வெளியிட்ட நிக்கான் எஃப் கேமராவுடன் இது அறிமுகமானது. 35 மி.மீ. படச்சுருள் கேமராக்களிலும் பின்னர் எண்மிய (டிஜிட்டல்) கேமராக்களிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இதன் அடிப்படை அளவுகள் மாறவில்லை. இதனால் பழைய வில்லை ஒன்றைப் புதிய உடலில் மாட்டுவது பெரும்பாலும் இயல்கிறது. ஆயினும், மாட்ட இயலும் வில்லை எல்லாப் பணிகளையும் செய்யும் என்பதற்கு உறுதியில்லை. தானியங்கிக் குவியம், ஒளி அளவீடு, துளைக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் உடலும் வில்லையும் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதைப் பொறுத்தே இயங்கும். ஒரு சில இணைகளில் கேமராவுக்குச் சேதமும் ஏற்படலாம்.

அமைப்பு

இது மூன்று பற்களைக் கொண்ட, திருகிப் பூட்டும் வகைப் பொருத்தி ஆகும். இதன் உள்விட்டம் 44 மி.மீ. பொருத்தியின் முகப்பிலிருந்து படச்சுருள் அல்லது உணரி வரையுள்ள தொலைவு 46.5 மி.மீ. கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது வில்லையை இடஞ்சுழியாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். பெரும்பாலான பிற நிறுவனங்களின் கேமராக்களில் இது வலஞ்சுழியாக அமைந்துள்ளது.

46.5 மி.மீ. என்பது எஸ்எல்ஆர் கேமராக்களுள் சற்று நீளமான தொலைவாகும். கேனான் இஎஃப் பொருத்தியில் இது 44 மி.மீ. மட்டுமே. எனவே 2.5 மி.மீ. தடிப்புள்ள ஓர் இடைவளையத்தின் மூலம் நிக்கான் வில்லையைக் கேனான் உடலில் பொருத்த முடியும். மாறாக, கேனான் வில்லையை நிக்கான் உடலில் பொருத்தினால், இடையில் கூடுதல் கண்ணாடி வில்லை இல்லாமல் தொலைவிலுள்ள பொருள்களைக் குவியப்படுத்த இயலாது.

வில்லையின் பின்புறம் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. காட்சியைப் பார்க்கும்போது படம் வெளிச்சமாகத் தெரிவதற்காகக் கேமரா இந்த நெம்புகோலைத் தள்ளித் துளையை முழுவதும் திறந்து வைத்திருக்கும். படம் எடுக்கும் கணத்தில் நெம்புகோல் விடுவிக்கப்பட்டு, துளை தேவையான அளவுக்குச் சுருங்கும். ஈ வகை வில்லைகளைத் தவிர்த்த பிற வில்லைகளுள் பெரும்பாலானவை இம்முறையிலேயே இயங்குகின்றன.

வரலாறு

தொடக்ககால வில்லைகளின் துளை வளையத்தின் மேல் 'முயல் காது' என அழைக்கப்பட்ட உலோகக் கவை ஒன்று இருந்தது. ஒளி அளவியுடன் வில்லையை இணைப்பது இதன் பணி. வில்லையை மாட்டியபின் துளை வளையத்தை இரு கோடிகளுக்கும் திருப்பி, அதன் பெரும அளவை அளவிக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. 1977இல் வந்த ஏஐ முறை இத்தேவையை நீக்கியது. துளை வளையத்தின் விளிம்பில் வெட்டப்பட்ட மேடு, உடலிலுள்ள இணைப்புத் தட்டை நேரடியாகத் தள்ளி அளவைத் தெரிவித்தது.

1986இல் வெளிவந்த எஃப்-501 கேமராவில் குவிய இயக்கி உடலுக்குள் வைக்கப்பட்டது. உடலிலிருந்து நீளும், திருப்புளி முனை போன்ற ஒரு தண்டு வில்லையின் பின்னுள்ள பிளவில் நுழைந்து அதைச் சுழற்றியது. இதற்கடுத்த ஆண்டு கேனான் நிறுவனம் தன் பழைய எஃப்டி பொருத்தியைக் கைவிட்டு, மின்தொடர்பு மட்டுமே கொண்ட இஎஃப் பொருத்திக்கு மாறியது. கேனான் பயனர்களின் பழைய வில்லைகள் புதிய உடல்களில் பொருந்தாமல் போயின. ஆனால் அதன்பின் வந்த இஎஃப் வில்லைகளும் உடல்களும் தமக்குள் சிக்கலின்றி இயங்கின. நிக்கான் பழைய பொருத்தியைக் காத்துக்கொண்டது. அதற்கு ஈடாக, படிப்படியாகச் சேர்க்கப்பட்ட மாற்றங்களால் பொருந்துதன்மை விதிகள் சிக்கலாயின.

வில்லை வகைகள்

ஏஐ-க்கு முந்தையவை (1959-1977): துளை வளையத்தில் மேடு வெட்டப்படாதவை. கைமுறைக் குவியம் மட்டுமே உண்டு.

ஏஐ, ஏஐ-எஸ்: கைமுறைக் குவிய வில்லைகள். 1979இல் வந்த விலை குறைந்த 'ஈ தொடர்' வில்லைகளும் இவ்வகையைச் சார்ந்தவையே. இவற்றைப் பின்னாளில் வந்த ஈ வகையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஏஎஃப், ஏஎஃப்-டி: குவிய இயக்கி இல்லாதவை. உடலிலுள்ள இயக்கியால் சுழற்றப்படுபவை. 'டி' என்ற எழுத்து, பொருளின் தொலைவை வில்லை உடலுக்குத் தெரிவிப்பதைக் குறிக்கும். எண்மிய உடல்களின் பெயர்களில் வரும் 'டி'க்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஏஎஃப்-எஸ்: குவிய இயக்கியை வில்லைக்குள்ளேயே கொண்டவை. 1996 முதல் வெளிவந்தன.

ஜி: துளை வளையம் நீக்கப்பட்டவை. 2000ஆம் ஆண்டையொட்டி அறிமுகமாயின. இவற்றின் துளையை உடலிலிருந்து மட்டுமே மாற்ற முடியும்.

ஈ: நெம்புகோலுக்குப் பதிலாக மின்காந்த முறையில் துளையை இயக்குபவை. 2008இல் அறிமுகமாயின.

ஏஎஃப்-பி: படிமுறை மின்னோடி கொண்டவை. 2016இல் வெளிவந்தன.

உடல் வகைகள்

பொருந்துதன்மையை நோக்கில் எண்மிய உடல்களை மூன்று பிரிவுகளாகக் கொள்ளலாம்.

முதற்பிரிவு, குவிய இயக்கியும் ஏஐ இணைப்புத் தட்டும் உள்ள உடல்கள். டி200, டி300, டி700, டி7000, டி7100, டி7200, டி610, டி750, டி810, டி850 முதலியன இதில் அடங்கும். பழைய ஏஐ வில்லைகளும் இவற்றில் ஒளி அளவீட்டுடன் இயங்கும். வில்லையின் குவியத் தொலைவையும் பெருமத் துளை அளவையும் பயனர் பட்டியல் வழியாகப் பதிய வேண்டும்.

இரண்டாம் பிரிவு, இயக்கி உண்டு, இணைப்புத் தட்டு இல்லை. டி50, டி70, டி80, டி90, டி7500 ஆகியன இவ்வகை. ஏஎஃப் வில்லைகள் முழுமையாக இயங்கும். ஏஐ வில்லைகளை மாட்டலாம். ஆனால் ஒளி அளவி வேலை செய்யாது.

மூன்றாம் பிரிவு, இரண்டும் இல்லாதவை. 2006இல் வெளிவந்த டி40 இவற்றுள் முதலாவது. டி40எக்ஸ், டி60 ஆகியவையும், டி3000 முதல் டி3500 வரையிலான வரிசையும், டி5000 முதல் டி5600 வரையிலான வரிசையும் இதில் அடங்கும். விலை குறைவு என்பதால் புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் வாங்குபவை இவையே. ஏஎஃப்-எஸ் போன்ற, இயக்கியைத் தம்முள் கொண்ட வில்லைகள் மட்டுமே இவற்றில் தானாகக் குவியும்.

வில்லையைத் தேர்ந்தெடுத்தல்

குறைந்த செலவில் நல்ல வில்லை தேடுவோர் அடிக்கடி தவறும் இடம் 50 மி.மீ. எஃப்/1.8 வில்லை ஆகும். இதன் ஏஎஃப்-டி வடிவமும் 2011இல் வெளிவந்த ஏஎஃப்-எஸ் ஜி வடிவமும் பெயரில் மிக நெருங்கியவை. முன்னது மலிவானது, படத்தரமும் நன்று. ஆனால் மூன்றாம் பிரிவு உடல்களில் அதைக் கையால்தான் குவியப்படுத்த வேண்டும். அவ்வுடல்களைக் கொண்டோருக்கு ஏஎஃப்-எஸ் வடிவமோ, 2009இல் வந்த 35 மி.மீ. எஃப்/1.8 ஜி டிஎக்ஸ் வில்லையோ பொருத்தமானது. முதல் இரு பிரிவு உடல்கள் உள்ளோர் டி வடிவத்தையே வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

உணரியின் அளவும் கருத்தில் கொள்ளத்தக்கது. எஃப்எக்ஸ் உணரி ஏறத்தாழ 36 × 24 மி.மீ. அளவுடையது. டிஎக்ஸ் உணரி ஏறத்தாழ 24 × 16 மி.மீ. மட்டுமே. ஆகையால் 50 மி.மீ. வில்லை டிஎக்ஸ் உடலில், எஃப்எக்ஸ் உடலில் மாட்டிய 75 மி.மீ. வில்லையின் பார்வைக் கோணத்தைத் தரும். ஆள் உருவப்படங்களுக்கு இது ஏற்றது. சிறிய அறைக்குள் குடும்பப் படம் எடுக்க இது போதாது. 35 மி.மீ. வில்லையே டிஎக்ஸ் உடலில் இயல்பான கோணத்தை அளிக்கும்.

பயன்படுத்திய வில்லையை வாங்கும்போது அதன் வகையைப் பெயரைக்கொண்டு மட்டுமன்றி, பின்புறத்தைப் பார்த்தும் அறியலாம். பொன்னிற மின்தொடர்புப் புள்ளிகள் இல்லையேல் அது பெரும்பாலும் கைமுறை வில்லை. புள்ளிகளும், உலோக வளையத்தில் பிளவுள்ள சிறு திருகுமுனையும் இருந்தால், அதற்கு உடலில் இயக்கி தேவை. துளை வளையம் இல்லையெனில் அது ஜி அல்லது ஈ வகையாகும்.

சேதம் விளைவிக்கும் இணைகள்

ஏஐ-க்கு முந்தைய வில்லையை இணைப்புத் தட்டுள்ள உடலில் திருகினால், மேடு வெட்டப்படாத வளையம் தட்டின்மேல் மோதி அதை உடைக்கக்கூடும். எஃப்3, எஃப்4, 2013இல் வெளிவந்த டிஎஃப் போன்ற சில உடல்களில் மட்டும் இத்தட்டை மடக்கி வைக்க முடியும். ஏனைய உடல்களில் பயன்படுத்த, வில்லையின் வளையத்தை வெட்டி ஏஐ முறைக்கு மாற்ற வேண்டும். இவ்வாறு ஏற்கெனவே மாற்றப்பட்ட பழைய வில்லைகள் சந்தையில் பல உள்ளன. முயல் காது இருப்பதால் மட்டும் ஒரு வில்லை பழைய வகை என முடிவுசெய்ய இயலாது. ஏஐ வில்லைகள் பலவற்றிலும் அது உண்டு. வளையத்தின் பின்விளிம்பையே பார்க்க வேண்டும்.

1959இல் வந்த 2.1 செ.மீ. எஃப்/4 போன்ற சில அகலக்கோண வில்லைகளின் பின்பகுதி உடலுக்குள் ஆழமாக நீள்கிறது. கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்ட இயலாத உடலில் இவற்றை மாட்டக் கூடாது.

பொதுவான சிக்கல்களும் காரணங்களும்

திரையில் 'எஃப்ஈஈ' எனக் காட்டுதல்: துளை வளையமுள்ள ஏஎஃப் வில்லை, மிகச்சிறிய துளையில் (மிகப் பெரிய எண்ணில்) வைக்கப்படவில்லை என்பது பொருள். வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்பி, அருகிலுள்ள பூட்டைத் தள்ளினால் போதும். இது பழுது அன்று.

துளை எண்ணுக்குப் பதிலாக 'எஃப்--' எனக் காட்டுதல்: மின்தொடர்பு இல்லை. கைமுறை வில்லையில் இது இயல்பு. ஏஎஃப் வில்லையில் இவ்வாறு வந்தால், வில்லையைக் கழற்றித் தொடர்புப் புள்ளிகளைத் தூய உலர்ந்த துணியால் துடைத்து, பூட்டும் ஒலி கேட்கும்வரை திருகிப் பார்க்க வேண்டும்.

குவியம் இயங்காமை: உடலில் இயக்கி உள்ளதா என்பதை முதலில் அறிய வேண்டும். அடுத்து, உடலிலும் வில்லையிலும் உள்ள நிலைமாற்றிகள் கைமுறை நிலையில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஏஎஃப்-பி வில்லைகளில் குவிய வளையமும் மின்வழி இயங்குவதால், டி90, டி300, டி3000 போன்ற பழைய உடல்களில் அவற்றைக் கையாலும் குவியப்படுத்த முடியாது.

படம் இருண்டு அல்லது வெளிறிப் போதல்: ஜி வகை வில்லையைப் பழைய கைமுறை உடலில் மாட்டினால் துளை எப்போதும் மிகச்சிறிய அளவிலேயே நிற்கும். ஈ வகை வில்லையை 2007க்கு முந்தைய உடல்களில் மாட்டினால் துளை எப்போதும் முழுவதும் திறந்திருக்கும். பொருந்தும் இணையிலும், எஃப்/1.8இல் சரியாக வரும் படம் எஃப்/11இல் மட்டும் வெளிறினால், துளை இதழ்களில் எண்ணெய் படிந்து அவை மெதுவாக மூடுகின்றன எனக் கொள்ளலாம். வில்லையைக் கழற்றி, வளையத்தை எஃப்/11இல் வைத்து, பின்புற நெம்புகோலைத் தள்ளி விட்டால் இதழ்கள் உடனே சுருங்க வேண்டும். தயங்கினால் வில்லையைப் பிரித்துத் தூய்மையாக்க வேண்டும்.

குவியம் முன்னோ பின்னோ விழுதல்: வில்லையும் உடலும் தனித்தனியே சரியாக இருந்தும் இணையும்போது சிறு பிழை தோன்றலாம். 2007இல் வந்த டி3, டி300 முதற்கொண்டு உயர்நிலை உடல்களில் ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனியே திருத்தம் பதியும் வசதி உள்ளது.

படத்தில் கரும்புள்ளிகள்: வில்லையை மாற்றிய பின்னும் அதே இடத்தில் புள்ளி தோன்றினால், தூசு உணரியின்மீது உள்ளது. சிறிய துளையில் இது தெளிவாகத் தெரியும். வில்லையின் முன்கண்ணாடியிலுள்ள தூசு படத்தில் இவ்வாறு தெரிவதில்லை.

பூஞ்சை: ஈரப்பதம் மிகுந்த கடலோரப் பகுதிகளில் பரவலானது. கைவிளக்கின் ஒளியை வில்லையின் ஊடாகச் செலுத்திப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும். தொடக்கநிலையில் தூய்மையாக்கலாம். நாட்பட்டால் கண்ணாடியின் மேற்பூச்சு அரிக்கப்பட்டு மீட்க இயலாமல் போகும். சிலிக்கா கூழ்மப் பைகளுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பதும், அடிக்கடி பயன்படுத்துவதும் தடுப்பு முறைகளாகும். தோல் உறைக்குள் நெடுங்காலம் மூடி வைப்பது பூஞ்சைக்கு ஏற்ற சூழலை உருவாக்கும்.

பிற்கால நிலை

2018இல் நிக்கான் கண்ணாடியற்ற கேமராக்களுக்காக இசட் பொருத்தியை அறிமுகப்படுத்தியது. இதன் உள்விட்டம் 55 மி.மீ.; உணரி வரையுள்ள தொலைவு 16 மி.மீ. இரு பொருத்திகளின் தொலைவு வேறுபாடான 30.5 மி.மீ. இடைவெளியை எஃப்டிஇசட் என்னும் இடைவளையம் நிரப்புகிறது. இவ்வளையத்தில் குவிய இயக்கியும் ஏஐ இணைப்புத் தட்டும் இல்லை. ஏஎஃப்-எஸ் வில்லைகள் இதன்வழியாகத் தானாகக் குவியும். ஏஎஃப்-டி வில்லைகளில் துளைக் கட்டுப்பாடு இயங்கினாலும் கையால்தான் குவியப்படுத்த வேண்டும். ஏஐ வில்லைகளில் துளையையும் குவியத்தையும் கையால் அமைக்க வேண்டும். ஆயினும் உணரியே ஒளியை அளப்பதால் ஒளி அளவீடு இயங்கும். இதனால் ஏஐ வில்லைகள், டி3000 வரிசை எஸ்எல்ஆர் உடல்களைவிட இசட் உடல்களில் கூடுதல் வசதியுடன் பயன்படுகின்றன.

எஃப்6 படச்சுருள் கேமராவின் உற்பத்தி 2020இல் நின்றது. அதே ஆண்டில் வெளிவந்த டி780, டி6 ஆகியவை எஃப் பொருத்தியுடன் கடைசியாக அறிமுகமான நிக்கான் உடல்களாகும்.